கட்டிங் நாகஜோதியின் கனகாம்பரம்

திருப்பூர் மங்கலம் ரோட்டுப் பக்கம் போய் "நாகஜோதி ஊடு எதுங்க?" என்று கேட்டுப் பாருங்கள், உதட்டைப் பிதுக்குவார்கள். "கட்டிங் நாகஜோதிங்க" என்றால் போதும், டீக்கடைக்காரர் வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்து வழி காட்டுவார்.

பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் அவளுக்கு வேலை. துணியை நீள மேஜையில் விரித்து, அடுக்கு மேல் அடுக்காகப் போட்டு, ஓரம் பிசகாமல் நீவி வெட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வாயும் சும்மா சொல்லக் கூடாது, மேஜையில் ஓடுகிற கத்தியைவிடக் கூர்மை. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. பேச ஆரம்பித்தால் சூப்பர்வைசரே போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். புருஷன் பெரியகருப்பன் சாயத் துணி ஏற்றுகிற வண்டியில் லோடுமேன். அவள் கத்தும்போதெல்லாம் சிரிப்பான். சிரித்ததற்கும் சேர்த்துத் திட்டு வாங்குவான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அடுக்கு மடங்கிக் கிடந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள். மாஸ்டர் கத்தியை ஓட்டிவிட்டார். எடுத்துப் பார்த்தால் கை ஒன்று நீளம், ஒன்று குட்டை. அன்றைக்கு மாஸ்டர் சொன்னதை அவள் மறக்கவே இல்லை. "தைச்சதப் பிரிக்கலாம். சாயத்தை மாத்திப் போடலாம். வெட்டுனத ஒட்டவெக்கிறதுக்கு இன்னும் ஒருத்தனும் மிஷின் கண்டுபுடிக்கலம்மா." அழுதுகொண்டே கேட்டவள், பிறகு அதையே வேதமாகப் பிடித்துக்கொண்டாள். வெட்டினால் வெட்டியதுதான். துணியானாலும் சரி, உறவானாலும் சரி, அவளுக்கு ஒரே கணக்கு.

அப்படிப்பட்டவள் ஒரே ஓர் ஆளிடம் மட்டும் குரல் உயர்த்திப் பேச மாட்டாள். அது ஊட்டுக்கார ஆத்தா, ரங்காத்தாள்.

காரணம் இருக்கிறது. கைக்குழந்தையும் ஒரு கட்டைப்பையுமாக இந்த ஊரில் வந்து இறங்கிய காலத்தில், இவர்கள் பேச்சைக் கேட்டதுமே "தெக்கத்தி ஆளுகளுக்கு ஊடு குடுக்கறதில்லீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். துரத்துவதைக்கூட 'ங்க' போட்டுத்தான் துரத்துவார்கள் இங்கே. ரங்காத்தாள் ஒருத்திதான் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, புள்ள பசியில கெடக்குது. மொதல்ல உள்ள வா, பேச்செல்லாம் அப்பறம் பேசிக்கலாம்" என்றாள். அந்தக் குழந்தை இன்று மதுரையில் நர்சிங் படிக்கிறது. நாகஜோதி இன்னும் அதே லைன் வீட்டில்தான் இருக்கிறாள்.

ரங்காத்தாள் வாசலில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு டெல்லி கனகாம்பரம் நின்றது. அது வந்த கதை லைனில் எல்லோருக்கும் தெரியும். ஆத்தாவின் புருஷன் திருமூர்த்தி, கட்டின பெண்டாட்டிக்கு ஒரு முழம் பூ வாங்கித் தந்து அறியாத மனுஷர். ஒருநாள் உடுமலைப்பேட்டைக்கு ஏதோ விசேஷத்துக்குப் போனவர், திரும்பி வரும்போது சட்டைப் பையில் ஈரத் துண்டு சுற்றிய குச்சி ஒன்றோடு பஸ்ஸை விட்டு இறங்கினாராம். "இந்தா, உனக்குத்தான்" என்று நீட்டினாராம். வேறு ஒரு வார்த்தை கிடையாது. குச்சி தழைத்துப் பூ விட்டது. அடுத்த வருஷம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கப்புறம் ஆத்தா தலையில் பூ வைப்பதில்லை. காலையில் பறித்து அவர் படத்துக்கு வைத்துவிட்டு, மிச்சத்தை லைனில் இருக்கிற பெண்களிடம் கொடுத்துவிடுவாள். "வெச்சுக்க கண்ணு, அவிய குடுத்ததுன்னு வெச்சுக்க."

கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது. ஆனால் அந்த நிறம் இருக்கிறதே! ஆரஞ்சில் செம்மை ஏறி, வாடாமல், நாள் முழுக்க ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்தாலும் காலையில் வைத்தது வைத்தபடி இருக்கும்.

ஐப்பசி மழை ஆரம்பிக்கிற சமயம் ஆத்தாவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று மகன் சதீஷ்குமார் கோயமுத்தூருக்கு அழைத்துப் போனான். போகும்போது வீட்டுச் சாவியை நாகஜோதி கையில் கொடுத்துவிட்டு ஆத்தா சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு சொம்பு தண்ணி ஊத்து கண்ணு, போதும். அவிய கையில வெச்சது."

"நீங்க போயிட்டு வாங்க ஆத்தா. எம்புள்ள மாதிரி பாத்துக்கிர்றேன்" என்றாள் நாகஜோதி. பார்த்துக்கொண்டாள், பாவி! பிள்ளைக்குத் திகட்டத் திகட்ட ஊட்டுகிற தாயாகத்தான் பார்த்துக்கொண்டாள்.

ஒரு சொம்புத் தண்ணீர் எந்த மூலைக்கு? ஒரு வாளி ஊற்றினாள். ஈரம் காயக் கூடாதென்று கம்பெனியிலிருந்து பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை கொண்டு வந்தாள். வெட்டி மிஞ்சிய துணித் துண்டுகள்தான், இந்த ஊரில் வண்டி துடைப்பதிலிருந்து தலையணைக்கு அடைப்பதுவரை எல்லாவற்றுக்கும் அதுதான். தண்டைச் சுற்றித் திணித்து, குளிருக்கு மப்ளர் கட்டியது போல அமுக்கி வைத்தாள். மேலே மழை வேறு. கொஞ்ச நாளில் இலை தொங்கியது. ஐயோ தாகம் என்று இன்னொரு வாளி ஊற்றினாள். இன்னும் தொங்கியது. இன்னும் ஊற்றினாள்.

"ஏ புள்ள, அதுக்கு நீச்சல் பழக்கி விடுறியா?" என்றான் பெரியகருப்பன்.

"மூடிட்டு வேலையப் பாருங்க. செடியப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

அவளுக்கும் தெரியாது என்பது ஒருநாள் வீச்சமடித்த போதுதான் விளங்கியது. பனியன் வேஸ்ட்டை விலக்கிப் பார்த்தாள். அடித்தண்டு கறுத்து, தொட்டால் தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. நாகஜோதி மிச்ச வேஸ்ட்டையும் பிய்த்து எறிந்தாள். ஆத்தா தன்னை நம்பி விட்டுப் போனது ஒன்றே ஒன்றுதான். திருமூர்த்தி ஆத்தாவுக்குக் கொடுத்ததும் ஒன்றே ஒன்றுதான். இரண்டும் இதுதான்.

பக்கத்து வீட்டு விஜயகுமாரி ஓடி வந்தாள். கோவில்பட்டிப் பெண், கம்பெனியில் செக்கிங் வேலை. "மேல இன்னும் பச்சையாத்தான்க்கா இருக்கு. வேர் போனா போகட்டும். கட்டிங் போட்டு வைங்க, வந்துரும்."

"கட்டிங்கா?" என்று உள்ளேயிருந்து பெரியகருப்பன் தலை நீட்டினான். "எனக்கும் சேத்து ஒண்ணு சொல்லு."

அன்றைக்கு அவன் வாங்கிய திட்டை எழுத முடியாது.

கட்டிங் என்றால் தனக்குச் சொல்லித்தர வேண்டுமா என்று நாகஜோதிக்கு ஒரு தெம்பு வந்தது. கத்தரியை எடுத்து, நல்ல கிளைகளில் பாதியை அழகாக, ஒரே நீளத்துக்கு வெட்டினாள். வெட்டியதை அப்படியே நட்டாளா? இல்லை. ஒரு வெள்ளைத் துணியை விரித்து, ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்பி, ராத்திரி முழுக்கக் காற்றாட விட்டாள். சிரிக்க வேண்டாம். பனியன் துணி ரோலில் சுற்றியிருக்கும்போது இழுத்துக்கொண்டு இருக்கும். பிரித்துப் போட்டு ஒரு ராத்திரி 'ரிலாக்ஸ்' பண்ண விட்டால்தான் அது தன் அளவுக்கு வந்து சேரும். அவசரப்பட்டு வெட்டினால் ஒரு சலவையில் சட்டை குட்டிச் சட்டையாகிவிடும். அத்தனை வருஷம் செய்த வேலை, கை தானாகச் செய்துவிட்டது.

காலையில் பார்த்தால் அத்தனையும் துவண்டு, அவித்த கீரையாகக் கிடந்தன. ஆனாலும் நட்டாள். ஒன்றுகூட நிமிரவில்லை. "என்னடி கேடு உனக்கு, நல்லாத்தான ரிலாக்ஸ் பண்ண விட்டேன்!" என்று செடியைப் பார்த்துக் கத்திவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள்.

அன்றைக்குப் பார்த்து ஆத்தா போன் பண்ணினாள். "செடி பூக்குதா கண்ணு? அவியளுக்கு வெக்கறயா?"

"பூக்குது ஆத்தா. வெக்கிறேன் ஆத்தா." நாக்கு கூசியது. வைத்தாள்தான், கடையில் வாங்கிய பூவை.

விதை கிடைத்தாலும் போதுமே என்று செடியைக் கதிர் கதிராகப் புரட்டிப் பார்த்தாள். பூத்துக் காய்ந்த கதிர்களில் ஒரு விதை கிடையாது. விஜயகுமாரி பார்த்துவிட்டு, "டெல்லிக் கனகாம்பரம் விதையே புடிக்காதுக்கா, பூக்காரம்மா சொல்லுவாங்க. நம்ம சாதாக் கனகாம்பரம் புடிக்கும். எங்க ஊட்டுப் பின்னாடி நிக்கிறதுல இருக்கு, எடுத்தாரேன்" என்றாள்.

கொண்டு வந்த காய்ந்த கதிர்களை ஒரு தட்டில் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். "இப்ப பாருங்கக்கா."

நாகஜோதி குனிந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. "என்னத்தடி பாக்க..." என்று வாயைத் திறக்கவும், படக்! மூக்கில் ஏதோ வந்து அடித்தது. படக், படக், படபடவென்று தட்டு முழுக்க வெடிக்க ஆரம்பித்தது. விதைகள் துள்ளித் தெறித்து சுவரில் பட்டன, அவள் முந்தானையில் விழுந்தன, ஒன்று அடுப்படி வரை போனது. "ஆத்தாடி! ஆத்தாடி!" என்று பின்னுக்கு நகர்ந்தவள், மறுபடியும் கிட்டே வந்தாள். தீயில்லை, திரியில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர்தான். செத்துக் காய்ந்து சருகாகக் கிடந்தது, மழை வந்துவிட்டதென்று நம்பிக் குதித்துவிட்டது. தரையில் தவழ்ந்து பொறுக்கிய விதைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவள் யாரையும் திட்டவில்லை.

விதைகளைத் தொட்டியில் தூவினாள். நாளாகி முளைத்தன. ஆனாலும் மனசு ஆறவில்லை. இது விஜயகுமாரி வீட்டுச் செடியின் பிள்ளை. திருமூர்த்தி பையில் வைத்துக் கொண்டு வந்தது இல்லையே.

பெரிய செடியில் கறுப்பு மேலே ஏறிக்கொண்டே வந்தது. உச்சியில் ஒரு கிளைதான் பச்சை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் பொட்டில் அடித்தது போல அவளுக்கு அந்தக் கதை ஞாபகம் வந்தது. ஈரத் துண்டு! அந்த மனுஷர் குச்சியைக் காயவிடவில்லை. உடுமலையிலிருந்து இவ்வளவு தூரமும் ஈரத்திலேயே வைத்துக் கொண்டு வந்தார். துணி இறுக்கம் விடக் காத்திருக்கும். இதற்கு வெட்டுப்பட்ட நொடியிலிருந்து தாகம்.

கிளையை வெட்டினாள். இனி வெட்ட இதில் ஒன்றும் மிச்சமில்லை. வெட்டினதும் நாலைந்து குச்சிகளாக நறுக்கி, ஈரத் துணியில் சுற்றி, கீழ் இலைகளை உருவி, தண்ணீர் பாட்டில்களைப் பாதியாக வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, மணல் நிரப்பி நட்டாள். டிஷர்ட் மடித்துப் போடுகிற பாலித்தீன் கவரைக் கவிழ்த்து மூடினாள். தண்ணீர் இம்முறை கையால் தெளித்ததோடு சரி. பனியன் வேஸ்ட்டைப் பார்த்தாலே அவளுக்கு இப்போது ஆகாது.

நட்ட குச்சிகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. ஒன்று மட்டும் நின்றது. வளரவும் இல்லை, சாகவும் இல்லை. மார்கழிக் குளிரில் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை கவருக்குள் பார்ப்பாள். "இருக்கியா?" என்று கேட்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டிலைத் தூக்கி வெயிலில் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பாட்டிலின் ஓரத்தில், மணலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில், வெள்ளை வெளேரென்று ஒரு நூல். ஓவர்லாக் நூலைவிட மெலிசு. அதன் பக்கத்தில் இன்னொன்று. கத்தரி பட்ட இடத்திலிருந்து, சரியாக அதே இடத்திலிருந்து, கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"இந்தாங்க! இங்கிட்டு வாங்க! சீக்கிரம் வாங்க!"

தீப்பிடித்துவிட்டதோ என்று பெரியகருப்பன் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். அவள் விரலால் காட்டினாள். அவனும் குனிந்து பார்த்தான். கிண்டலுக்கு வாய் திறந்தவன் மூடிக்கொண்டான்.

"வெட்டுன எடத்துலருந்துதாங்க வருது" என்றாள் அவள், ரகசியம் போல. "நான் வெட்டுனேன்ல, அங்கருந்தே."

ஆயுசு முழுக்க வெட்டிக்கொண்டே இருந்தவள். எத்தனை ஊருக்கு, எத்தனை பேர் உடம்புக்கு! வெட்டிய எதுவும் திரும்பி வளர்ந்து அவள் பார்த்ததில்லை. கழுத்தைத் துண்டித்தால் செத்துத்தானே போகணும்? இது என்ன ஜீவன், வெட்டினால் வாயைத் திறந்து தண்ணீர் குடிக்கிறது, அந்த வாயையே காலாக்கி ஊன்றிக்கொள்கிறது! அதுவும் வேறு செடி இல்லை. விதையில் வந்ததென்றால் பிள்ளை. இது பிள்ளையில்லை, அதே செடி. திருமூர்த்தி பையில் இருந்த அதே குச்சி. நாகஜோதிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. குலசாமி கோயிலில் மட்டும் கும்பிடுகிற கை, தானாக எழுந்து பாட்டிலுக்குக் கும்பிட்டது.

தை போய், மாசி பங்குனி போனது. பெரிய செடி பட்டுப்போய் விறகானது. குச்சியைச் சட்டிக்கு மாற்றினாள். நாலு இலை எட்டாகி, உச்சியில் கொழுந்து விட்டு மெதுவாகத்தான் வளர்ந்தது. விதையில் வந்த செடிகளோ குபுகுபுவென்று கிளம்பிப் பூக்கவே ஆரம்பித்துவிட்டன. வெளிறின ஆரஞ்சு.

சித்திரையில் ஆத்தா வரப்போவதாகப் போன் வந்தது. விஜயகுமாரி கிசுகிசுத்தாள்: "அக்கா, பூத்து நிக்கிறதத் தூக்கி அந்த எடத்துல வச்சுருங்க. ஆத்தாவுக்குக் கண்ணு மங்கல். கனகாம்பரம்னா கனகாம்பரம்தான?"

நாகஜோதி ஒரு ராத்திரி தூங்காமல் யோசித்தாள், மறைப்பானேன், யோசித்தாள்தான். உள்ளதைச் சொன்னால் ஆத்தா முகம் எப்படி மாறுமோ! ஒருநாளும் கோபப்படாதவள் கோபப்பட்டால் அதற்குப் பிறகு அந்த வாசலில் எப்படி நிற்பது? காலையில் எழுந்து பூவைக் கையில் வைத்துப் பார்த்தாள். "ஷேட் மாறுதுடி" என்றாள். ஒரு ரோலில் வெட்டிய முன்பக்கத்துக்கு இன்னொரு ரோலில் வெட்டிய முதுகை வைத்துத் தைத்தால், ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் கட்டிங்காரிக்குத் தெரியும். "ஷேட் மாறுன பீஸ எங்கையால சேத்து அனுப்ப மாட்டேன்."

சதீஷ்குமாரின் கார் வந்து நின்றது. ஆத்தா வாக்கரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இறங்கினதும் கண் தொட்டிப் பக்கம்தான் போனது.

"கண்ணு, பையன் இனி அங்கயே இருன்னு சொல்லிப்போட்டான். லைன் ஊடு அது பாட்டுக்கு இருக்கட்டும். துணிமணியும் அவிய படமும் எடுக்கத்தான் வந்தேன். செடியப் பேத்து ஒரு சட்டியில வெச்சுக் குடு, அதையும் கூட்டிட்டுப் போறேன்." சொல்லிக்கொண்டே கண்ணைச் சுருக்கினாள். "எங்க கண்ணு செடி?"

நாகஜோதி உள்ளே போய் அந்தச் சின்னச் சட்டியைத் தூக்கி வந்து ஆத்தா முன்னால் திண்டில் வைத்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பெரிய செடி செத்துருச்சு ஆத்தா. நாந்தான் கொன்னேன். தண்ணிய ஊத்தி ஊத்திக் கொன்னுட்டேன். போன்ல சொன்னதெல்லாம் பொய்யி. இது ஒண்ணுதான் மிச்சம். அதுல ஒடிச்சது, அதே செடிதான் ஆத்தா, வேற இல்ல, சத்தியமா வேற இல்ல" என்று அழுதாள்.

ஆத்தா சட்டியைக் குனிந்து பார்த்தாள். வாக்கரை விட்டுவிட்டு மெல்ல உட்கார்ந்தாள். ஓர் இலையை இரண்டு விரலால் பிடித்து, குழந்தையின் காதைத் தடவுவது போலத் தடவினாள். தண்டைத் தொட்டாள்.

"அவியளும் ஒடிச்சுட்டுத்தான கண்ணு வந்தாங்க" என்றாள். "பஸ்ஸ உட்டு எறங்கையில இதுலயும் சின்னதாத்தான் இருந்துது. இதே மாதர."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சட்டியைத் தன் பக்கம் இழுத்து, நாகஜோதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அத்தனை மாசம் கண்ணில் வைத்துக் காப்பாற்றிய அந்த உச்சிக் கொழுந்தை விரலால் பிடித்து, பொடுக்கென்று ஒடித்துவிட்டாள்.

"ஆத்தா!" நாகஜோதி அலறியதில் காருக்குள் இருந்த சதீஷ்குமாரே இறங்கி ஓடி வந்தான்.

"எதுக்குச் சத்தம் போடற? கொழுந்த ஒடிச்சாத்தான் பக்கத்துல ரெண்டு வெடிக்கும்." ஆத்தா அந்தக் கொழுந்தை அவளிடம் நீட்டினாள். "இந்தா, உனக்குத்தான். சட்டியில இருக்கறது என்கூட வரட்டும். அது உன்ற வாசல்ல நிக்கட்டும். நாளப்பின்ன பூத்தா பறிச்சு நீயே வெச்சுக்க, அவிய குடுத்ததுன்னு வெச்சுக்க."

நாகஜோதி இரண்டு கையையும் ஏந்தி வாங்கினாள். ஒடித்த இடத்தில் பச்சையாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, ஆத்தாவிடம் போய்ட்டு வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. நனைந்த முந்தானையில் அதைச் சுற்றிக்கொண்டு, "ஏய் விஜயகுமாரி, மணல எடு! கவர எடுடி, காயுது, காயுது!" என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் ஓடினாள்.